முதலில் செத்தவர் என்ன செய்வார்? ஜோடியாக ஓடிச் சுடும் கேம்களில் எதை வாங்கலாம்

போன மாதம் மட்டும் மூன்று தரப்பிலிருந்து ஒரே கேள்வி வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் நண்பருக்குப் பத்து வயது மகளோடு உட்கார்ந்து ஆட ஒரு கேம் வேண்டும். அவர் சின்ன வயதில் காண்ட்ரா ஆடி வளர்ந்தவர். மகள் இதுவரை ஃபோனைத் தவிர வேறெதிலும் ஆடியதில்லை. அடுத்தது என் பெரியம்மா மகன். அண்ணன் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலையாக இருக்கிறான், அவனுடைய பள்ளிக் கூட்டாளி கீழே அம்மாபேட்டையில். இருவரும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேர்ந்து ஆட வேண்டும். மூன்றாவது, ஐந்து ரோடு பக்கம் ஒரே அறையில் தங்கியிருக்கும் நான்கு கல்லூரிப் பையன்கள். ஒரு பழைய லேப்டாப், பங்கு போட்டால் ஒரு கேம் வாங்கும் அளவுக்குப் பணம்.

மூவருமே கேட்டது ஒரே வகைக் கேம். பழைய டிவி கேம் மாதிரி இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஓடிக்கொண்டே சுட வேண்டும், கூட ஒருவர் ஆட வேண்டும். இந்த வகையில் நல்ல கேம்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. எதைப் பற்றித் தேடினாலும் ஆடியவர்கள் சொல்வது மூன்றே வார்த்தைதான்: அருமை, ரொம்பக் கஷ்டம், சீக்கிரம் முடிந்துவிட்டது. மூன்றும் உண்மை. ஆனால் அதில் பெரும்பாலோர் தனியாக ஆடிவிட்டுச் சொல்கிறார்கள். கூட ஒருவர் உட்கார்ந்ததும் கணக்கே மாறிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் இருவராக ஆடிப் பார்த்ததை வைத்து மட்டுமே பேசுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

எனக்கு இந்தக் கேம்கள் பழக்கமானது குகைப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில். நாலு டிவி, நாலு கேம் டப்பா, மணிக்கணக்கில் வாடகை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் கேமின் இசை பாதிதான் காதில் விழும். நானும் அண்ணனும் காண்ட்ராவுக்குத்தான் உட்காருவோம். மூன்றாவது ஸ்டேஜில் அருவி வரும். பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போய்விடும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே விழுந்து செத்துப்போவான். அவனைக் கொல்ல எதிரி யாரும் தேவையில்லை, கூட்டாளியின் வேகமே போதும். அண்ணனுக்குக் கை வேகம். நான் ஒரு பாறை தாவுவதற்குள் அவன் நாலு பாறை தாண்டியிருப்பான். "ணா, நில்லுணா!" என்று கத்திக்கொண்டே விழுவேன். மூன்று லைஃபும் தீர்ந்தால் பட்டனை அழுத்திக் கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். "ஒண்ணு எடுத்துக்கவாணா?" என்பேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துக்க. ஆனா எஸ் வந்தா எனக்கு" என்பான். எஸ் என்பது விசிறி மாதிரி ஐந்து குண்டு விரியும் துப்பாக்கி. அது கையில் இருந்தால் பாதி ஸ்டேஜ் தானாக முடியும்.

இருவர் சேர்ந்து ஆடும்போது இருவருக்கும் ஒரே கை வேகம் இருப்பது அபூர்வம். அப்பாவும் மகளும், அண்ணனும் தம்பியும், புருஷனும் பெண்டாட்டியும் என்று யார் உட்கார்ந்தாலும் ஒருவர் முதலில் சாவார். அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: முதலில் செத்தவர் என்ன செய்வார்? எவ்வளவு நேரம் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்? திரும்பி வருவது அவர் கையில் இருக்கிறதா, கூட்டாளி கையிலா? ஒரு கேம் அலமாரியில் தூங்குமா, வாராவாரம் வெளியே வருமா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது.

மற்ற அளவுகோல்கள் சின்னவை. ஒரே அடியில் சாவா, சில அடி தாங்குமா? ஒரே அறையில் ஆடுவதா, ஆளுக்கு ஓர் ஊரிலிருந்தா? என்ன மெஷின் வேண்டும்? முடித்த பிறகும் திரும்ப ஆடத் தோன்றுமா? விலையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் கோடையிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். இந்தக் கேம்களில் பலவும் அப்போது நன்றாக இறங்கும்.

காண்ட்ரா: பழைய தொகுப்பா, புதிய கலூகாவா

காண்ட்ரா என்று இன்று தேடினால் இரண்டு கிடைக்கும். ஒன்று 2019-இல் கொனாமி வெளியிட்ட ஆனிவர்சரி கலெக்‌ஷன். 1987-இல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கடை மெஷினில், வந்த மூலக் காண்ட்ராவில் தொடங்கி சூப்பர் சி, காண்ட்ரா 3, ஹார்ட் கோர் வரை எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. இன்னொன்று 2024 மார்ச்சில் வந்த ஆபரேஷன் கலூகா. பழைய கதையை எடுத்து வேஃபார்வர்ட் நிறுவனம் புதிதாகச் செய்தது.

பழைய தொகுப்பில் ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு, கையில் இருந்த துப்பாக்கியும் போச்சு. இன்றைய பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் இதற்கு மருந்தும் உள்ளேயே இருக்கிறது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. வீட்டு டிவிக்கு வந்த முதல் காண்ட்ராவின் தலைப்புத் திரையில் இதை அழுத்தினால் முப்பது லைஃப். இந்த வித்தையை முதலில் போட்டவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. காண்ட்ராவுக்கு முன்பே, 1986-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் டப்பாவுக்கு கிரேடியஸ் கேமை மாற்றிக்கொண்டிருந்தபோது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால் அவராலேயே அதைத் தாண்ட முடியவில்லை. அதனால் தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார், அது அப்படியே கேமோடு வெளியே வந்துவிட்டது. கேமைச் செய்தவருக்கே தேவைப்பட்ட உதவி அது. மகளோடு ஆடும்போது அதைப் போடக் கூச்சப்பட எதுவும் இல்லை. இது தவிர, தொகுப்பில் எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடரலாம்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஹார்ட் கோரின் அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் சாவு. ஜப்பானியப் பதிப்பில் மூன்று அடி தாங்கும். பிறகு வந்த இலவச அப்டேட்டில் ஜப்பானியப் பதிப்புகளும் இந்தத் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. இருவராக ஆடினால் அதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பேரில் ஒருவரை எடுத்துக்கொண்டு, நடுநடுவே வழியைத் தேர்வு செய்து போகும் கேம் அது. தொகுப்பில் எனக்கு அதிக நேரம் போனது அதில்தான்.

கலூகாவில் பழைய குறைகளைத் தேடித் தேடிச் சரிசெய்திருக்கிறார்கள். சில அடி தாங்கும் முறையும் உண்டு, ஒரே அடியில் சாகும் முறையும் உண்டு; இரண்டாவது தாவல் உண்டு; கையில் இரண்டு துப்பாக்கி. ஆட ஆடச் சேரும் பணத்தைக் கொண்டு கூடுதல் உதவிகள் வாங்கலாம். கதை முறையில் இருவர், ஆர்கேட் முறையில் நால்வர் வரை. அதே சமயம் ஆடியவர்கள் சொல்லும் குறைகளும் சரியானவைதான். முப்பரிமாணப் படங்கள் பழைய புள்ளிப் படங்களின் அழகுக்கு எட்டவில்லை, கதைக் காட்சிகள் இழுக்கின்றன, ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினில் ஓட்டம் திணறுகிறது. ஆன்லைன் கிடையாது. முழு விலை கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன். தள்ளுபடியில் வந்தால், இந்த வகைக்கே புதிதாக வரும் இருவருக்கு நல்ல தொடக்கம்.

மெட்டல் ஸ்லக் 3

முஸ்தபா கேம் (கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்) ஆடிய தலைமுறைக்கு இதையும் தெரியும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். 2000-இல் எஸ்என்கே வெளியிட்டது. கையால் வரைந்த புள்ளிப் படங்களில் இதைவிட அழகானதை இந்த வகையில் நான் பார்த்ததில்லை. டாங்கி குலுங்கி நிற்கும் விதம், கட்டு அவிழ்த்துவிட்டதும் தாடிக்காரக் கைதி உள்ளாடைக்குள் கைவிட்டுப் பரிசை எடுத்து நீட்டும் விதம், இதற்கெல்லாம் நின்று பார்க்கத் தோன்றும். இரண்டாவது மிஷனில் ஜாம்பியாக மாறிவிட்டால் ஆள் மெதுவாகிவிடுவான், ஆனால் வாயிலிருந்து ரத்தத்தைக் கக்கித் திரை முழுக்கத் துடைத்தெறிவான். அதற்காகவே வேண்டுமென்று கடிவாங்கும் ஆட்கள் உண்டு.

முதலில் செத்தவர்? அதே இடத்தில், அடுத்த நொடியே எழுந்து நிற்பார். லைஃப் தீர்ந்தால் இன்னொரு காசு. யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. என் அளவுகோலில் இது முதலிடம்.

செலவு ஒளிந்திருப்பதும் இங்கேதான். இது கடையில் காசு விழுங்கச் செய்த கேம். வீட்டில் காசுக்குப் பஞ்சமில்லை. பட்டனை அழுத்திக்கொண்டே போனால் சாவுக்கு அர்த்தம் இல்லாமல் போகும், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தும் விடும். "ஒரு நாளில் முடித்துவிட்டோம், அப்புறம் தொடவில்லை" என்று சொல்பவர்கள் இப்படி ஆடியவர்கள்தான். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஐந்து காசு என்று கட்டுப்பாடு. தீப்பெட்டிக் குச்சி ஐந்தை டிவி முன்னால் அடுக்கிவைப்போம்; காசு போட ஒரு குச்சியை எடுத்து மறுபக்கம் வைக்க வேண்டும். கடைசி மிஷன் மிக நீளம். அதற்கு மூன்று குச்சியாவது மிச்சம் வைக்க நாங்கள் பட்ட பாட்டில் இந்தக் கேம் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது.

ஸ்டீமில் இருக்கும் பதிப்பில் ஆன்லைனிலும் இருவர் ஆடலாம். மெட்டல் ஸ்லக் எக்ஸும் அப்படியே கிடைக்கிறது. இரண்டாம் பாகம் 1998-இல் வந்தபோது திரையில் ஆள் கூடினால் படம் நகரத் திணறியது. அதைச் சரிசெய்து மறுவருடம் வந்ததுதான் எக்ஸ். இரண்டையும் பார்த்தால் எக்ஸை எடுங்கள். பழைய லேப்டாப்பில் இவை எல்லாமே ஓடும்.

கப்ஹெட்

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, நான் மிகவும் தயங்கிச் சொல்வதும் இதைத்தான். 2017 செப்டம்பரில் வந்தது. சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற கனடா அண்ணன் தம்பி, வீட்டை அடமானம் வைத்துச் செய்த கேம். 1930-களின் கார்ட்டூன் மாதிரி ஒவ்வொரு அசைவையும் காகிதத்தில் கையால் வரைந்திருக்கிறார்கள். இசையை நிஜமான ஜாஸ் குழுவை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பார்க்கிற யாரும் கொஞ்ச நேரமாவது நின்றுவிடுவார்கள். என் பெரியம்மா, கேம் என்றாலே முகம் சுளிப்பவர், கூடையில் மிளகு ஆய்ந்துகொண்டே அரை மணி நேரம் பார்த்தார்.

படத்தைப் பார்த்துக் குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பட்டியலிலேயே கடினமானது இதுதான். ஆளுக்கு மூன்று அடி. ஒருவர் செத்தால் அவருடைய ஆவி மெதுவாக மேலே மிதந்து போகும். அது திரையைத் தாண்டுவதற்குள் மற்றவர் தாவிப்போய்ச் சரியான நொடியில் தட்ட வேண்டும். தட்டினால் ஒரே ஒரு அடி தாங்கும் உயிரோடு திரும்புவார். அதாவது முதலில் செத்தவரின் கதி முழுக்கக் கூட்டாளி கையில். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கைவேகம் உள்ளவர் எதிரே நிற்கும் பெரிய எதிரியான பாஸைப் பார்ப்பாரா, ஆவியைப் பார்ப்பாரா? அடிக்கடி நடப்பது, காப்பாற்றத் தாவியவரும் அடிபட்டுச் சாவது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இருவராக ஆடினால் பாஸின் பலமும் கூடும். துணைக்கு ஆள் சேர்த்தால் சுலபமாகும் என்று வாங்கியவர்கள் ஏமாந்ததாகச் சொல்வது இதனால்தான். திரையில் இருவர் குண்டும் சேர்ந்துகொள்ள, தன் ஆள் எங்கே என்று தேடவே பாதிக் கவனம் போகிறது.

சிம்பிள் முறை என்று ஒன்று உண்டு. அதில் பாஸ் சுலபமாகும், ஆனால் பாஸை ஜெயித்தால் கிடைக்க வேண்டிய ஆன்மா ஒப்பந்தப் பத்திரம் கையில் வராது. பத்திரங்கள் எல்லாம் சேராமல் கடைசிக்குப் போக முடியாது. எனவே அது பழகத்தான், முடிக்க உதவாது. ஓடிச் சுடும் ஸ்டேஜ்கள் மொத்தமே ஆறுதான். மற்றதில் பெரும்பாலும் பாஸ் சண்டை. காண்ட்ரா மாதிரி ஓடிக்கொண்டே இருக்க ஆசைப்படுபவர் இதைத் தெரிந்து வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எனக்கு மறக்க முடியாத கேம் ராத்திரி இதில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை, ஏற்காட்டில் பெரியம்மா வீடு. சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சில்வர் ஓக் மரத்தைக்கூட மறைத்திருந்தது. நானும் அண்ணனும் கார்னேஷன் பூ பாஸிடம் மாட்டிக்கொண்டோம். கடைசிக் கட்டத்தில் தரை முழுக்க முள்வேர் பரவும். மிதக்கும் மூன்று மேடையில் மட்டுமே நிற்கலாம், அதிலும் கீழிருந்து கொடி குத்திக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவை தோற்றதும் ஒரு கோடு வரைந்து அதில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கேம் காட்டும். அந்தக் கோட்டின் முனைக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது இரண்டு தடவை செத்தோம். மூன்றாவது தடவை நான் செத்தேன், ஆவி மேலே போகிறது, அண்ணன் தாவி எழுப்பிவிட்டான். அதே நேரம் கரண்ட் போனது. டிவி அணைந்துவிட்டது; லேப்டாப் பேட்டரியில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, இருட்டில் இருவரும் அந்தச் சின்னத் திரை முன்னால் தலை இடிக்க உட்கார்வதற்குள் பூ எங்களை முடித்துவிட்டது. "இன்னொரு தடவைடா" என்றான் அண்ணன். பேட்டரி தீரும்வரை ஆடினோம். அன்றைக்கு ஜெயிக்கவில்லை, மறுநாள் காலையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து ஜெயித்தோம்.

இப்படித் தோற்றுத் தோற்று ஏறப் பொறுமை இருக்கும், கைவேகமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் இருவருக்குத்தான் இது. கையில் வேகம் குறைந்தவருக்குக் கடையில் சேஸர் துப்பாக்கியை முதலில் வாங்கிக்கொடுங்கள். அடி குறைவு, ஆனால் குண்டு தானாக எதிரியைத் தேடிப் போகும். அவர் தப்பிப்பதை மட்டும் கவனித்தால் போதும். 2022-இல் வந்த கூடுதல் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைன் இதிலும் இல்லை.

ப்ரோஃபோர்ஸ்

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ லைவ்ஸ் குழு 2015-இல் வெளியிட்டது. நால்வர் வரை, ஒரே அறையிலும் ஆன்லைனிலும். மண், பாறை, பாலம் என்று திரையில் இருக்கும் எதையும் சுட்டு உடைக்கலாம். குடைந்துகொண்டு அடியில் போகலாம். பழைய ஆக்‌ஷன் பட நாயகர்களைப் போன்ற ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சுடுவார்கள். யார் கிடைப்பார் என்பது உங்கள் கையில் இல்லை.

ஒரே அடியில் சாவுதான். ஆனால் ஸ்டேஜ் முழுக்கக் கூண்டில் கைதிகள் இருப்பார்கள், உயிரோடு இருப்பவர் ஒருவரை விடுவித்தால் செத்த கூட்டாளி திரும்புவார். கப்ஹெட்டில் ஒரு நொடிக்குள் செய்ய வேண்டிய காரியத்தை இங்கே யோசித்து, வழி தேடிச் செய்யலாம். செத்தவரும் சும்மா இருக்க மாட்டார்: "மேலே ஒரு கூண்டு இருக்கு, இடது பக்கமா குடைஞ்சு போ" என்று வழிசொல்லிக்கொண்டிருப்பார். ஸ்டேஜ்களும் சின்னவை.

நால்வர் ஆடினால் திரை வெடிப்புக்காடாகி எந்த ஆள் தன் ஆள் என்று தெரியாது. எல்லோரும் சொல்லும் இந்தக் குறை உண்மை. கூட்டாளி உடைத்த பாறை தலையில் விழுந்து சாவதும் சகஜம். அதைச் சிரித்துக்கொண்டு ஏற்கும் கூட்டத்துக்கு இது பண்டிகை. ஜாக்கிரதையாக, திட்டம் போட்டு ஆட நினைப்பவருக்குத் தலைவலி. ரத்தம் தெறிப்பது அதிகம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

ப்ளேசிங் குரோம், ஹன்ட்டவுன்

இரண்டும் ஒரே அறையில் இருவருக்கு மட்டும். ப்ளேசிங் குரோம் 2019-இல் பிரேசிலின் ஜாய்மாஷர் செய்தது. காண்ட்ரா 3-ஐயும் ஹார்ட் கோரையும் கரைத்துக் குடித்தவர்கள் செய்த கேம் என்பது முதல் நிமிடமே தெரியும். ஒரே அடியில் சாவு, குறைந்த ஸ்டேஜ், கூர்மையான வேலை. பழைய காண்ட்ராவை முடித்துவிட்டு "அடுத்து என்ன" என்பவருக்கு.

ஹன்ட்டவுன் 2020-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. உயிரின் அளவைக் காட்டும் பட்டை உண்டு, சில அடி தாங்கும். கதவு, பெட்டி என்று மறைந்துகொண்டு சுடலாம். மறைவிடம் இருப்பதால் ஆட்டத்தின் வேகம் குறைந்து, மெதுவான கைக்கும் இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் ஒரு பாஸ். பேச்சு முரட்டுத்தனமானது என்பதால் பெரியவர்களுக்கு மட்டும்.

ஒரு பார்வையில்

| கேம் | முதலில் செத்தவர் | அடி தாங்குமா | எத்தனை பேர் | ஆன்லைன் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| காண்ட்ரா தொகுப்பு | கூட்டாளி லைஃபைக் கடன் வாங்கலாம். முப்பது லைஃப் வித்தை உண்டு | பெரும்பாலும் ஒரே அடி | 2 | இல்லை | பழைய நினைவு உள்ளவர், பொறுமை உள்ளவர் |
| ஆபரேஷன் கலூகா | அமைப்பைத் தளர்த்தி ஆடலாம் | தாங்கும் | 2. ஆர்கேடில் 4 | இல்லை | புதிதாக வருபவர், தள்ளுபடியில் |
| மெட்டல் ஸ்லக் 3 | அதே இடத்தில் உடனே எழுவார் | ஒரே அடி | 2 | உண்டு | கைவேகம் சமமில்லாத ஜோடி |
| கப்ஹெட் | கூட்டாளி ஆவியைத் தட்ட வேண்டும் | மூன்று அடி | 2 | இல்லை | சமமான, விடாப்பிடியான ஜோடி |
| ப்ரோஃபோர்ஸ் | கைதியை விடுவித்தால் திரும்புவார் | ஒரே அடி | 4 | உண்டு | கூட்டம் |

விலைப் பட்டியலில் இல்லாத செலவு

முதல் செலவு இரண்டாவது கன்ட்ரோலர். "கீபோர்டில் பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று தொடங்குவார்கள். சாதாரண கீபோர்டில் ஒரே சமயத்தில் நாலைந்து கீ அழுத்தினால் சில கீகள் பதிவாகாது. ஒருவர் சுட்டுக்கொண்டே ஓடும்போது மற்றவர் தாவினால் தாவல் காணாமல் போகும். நீங்கள் சரியாக அழுத்தியும் ஆள் குழியில் விழுவான், பழி கேம் மேல் போகும். மலிவான கன்ட்ரோலரும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். மாதம் திரும்பும் முன் ஆள் தானாக இடது பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான், கடையில் மாற்றித் தரவில்லை. ரசீதும் வாரண்டியும் இருக்கும் வயர் கன்ட்ரோலர் ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். நடுவில் தட்டுவடை செட் சாப்பிட்டால் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், சட்னி பட்டன் இடுக்கில் இறங்கினால் வெளியே வராது.

அடுத்தது டிவி. ஸ்மார்ட் டிவிகள் படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரத்தில் நீங்கள் அழுத்திய தாவல் பிந்தித்தான் திரைக்கு வரும். அமைப்பில் கேம் மோட் என்று இருக்கும், அதைப் போடுங்கள். கப்ஹெட் கஷ்டம் என்று கைவிட்ட சிலருக்கு இதை மாற்றிக்கொடுத்ததும் பாதிக் கஷ்டம் போயிருக்கிறது.

மூன்றாவது, தூரம். ஆன்லைன் இல்லாத கேமையும் ஸ்டீமின் ரிமோட் ப்ளே டுகெதர் வழியாக இரண்டு ஊரிலிருந்து ஆடலாம். ஒருவர் வாங்கினால் போதும். கேம் ஓடுவது வாங்கியவர் மெஷினில், மற்றவருக்குப் போவது வீடியோ மட்டும், அவரிடமிருந்து வருவது அவர் அழுத்தும் பட்டன். அதனால் வாங்குபவர் நல்ல ஃபைபர் இணைப்பு இருப்பவராக இருக்க வேண்டும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால் ராத்திரி சேலத்து விளக்குகள் முழுக்கத் தெரியும், அவ்வளவு பக்கம். ஆனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் அழுத்தும் பட்டன் குண்டாக மாற ஒரு கணம் பிந்தும். அந்த ஒரு கணம் ப்ரோஃபோர்ஸில் பொறுக்கும், கப்ஹெட்டில் பொறுக்காது.

கேட்ட மூவருக்கும்

அண்ணனுக்கும் அம்மாபேட்டைக் கூட்டாளிக்கும் மெட்டல் ஸ்லக் 3 அல்லது எக்ஸ். ஆன்லைன் உள்ளேயே இருக்கிறது, சிக்னல் விட்டு ஒருவர் செத்தாலும் அடுத்த நொடி எழுந்துவிடலாம். அது ஒத்துவராமல் ரிமோட் ப்ளேக்குப் போனால் கூட்டாளி கீழே வாங்கட்டும், அண்ணன் மேலிருந்து சேரட்டும். குச்சி ஐந்து என்ற கணக்கை மட்டும் இருவரும் நேர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு கல்லூரிப் பையன்களுக்கு ப்ரோஃபோர்ஸ், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலு கன்ட்ரோலர் வாங்கப் பணம் போதாவிட்டால் இரண்டு வாங்கிக்கொண்டு, ஸ்டேஜுக்கு ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றி ஆடலாம். வாங்கியதும் முதல் ஒரு மணி நேரம் நால்வரும் உட்கார்ந்து பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லேப்டாப் திணறினால் மெட்டல் ஸ்லக்குக்கு மாறிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி நண்பருக்கு நான் சொன்னது காண்ட்ரா தொகுப்பு. மகளுக்குக் கப்ஹெட் படம் பிடித்திருந்தது, ஆனால் முதல் பாஸிலேயே அழுதுவிட்டு எழுந்து போவாள் என்ற பயம் எனக்கு இருந்தது. காண்ட்ராவில் ரத்தம் கிடையாது, அப்பாவுக்கு ஒவ்வொரு பாறையும் மனப்பாடம், முப்பது லைஃப் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். எஸ் வந்தால் அவளுக்கு விட்டுவிடுங்கள். அருவி ஸ்டேஜில் அவளை முன்னால் ஏறவிடுங்கள், திரை அவளோடு போகட்டும். கீழே நின்று எந்த நேரத்தில் எந்தப் பாறைக்குத் தாவ வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.